விலாங்குகள் ஏறிய பேருந்து

உத்தமபாளையத்தில் பேருந்து ஏறும்போது இன்னும் சரியாக விடியவில்லை. ஹேமாவதி ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடி போட்ட நீல வாளியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். வாளிக்குள் ஆறு விலாங்கு மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விரல் தடிமன், ஒரு முழ நீளம்.

வெளியே வயல்களின் மேல் மூடுபனி கிடந்தது. தென்னை மரங்கள் இடுப்பு வரை அதில் மூழ்கி நின்றன. பேருந்து சாலையில் ஓடுகிறதா, தண்ணீரில் மிதக்கிறதா என்று ஹேமாவுக்குச் சந்தேகம் வந்தது.

"அம்மா, கடலு இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிடப் பெருசுத்தா. சத்தமும் போடும்."

ஹேமா கடலைப் பார்த்ததே இல்லை.

அவளுடைய அம்மா தேவயானி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மூன்று மாதமாகக் கேட்டு, இன்று ஒரே ஒரு நாள் லீவு கிடைத்திருந்தது. அம்மாவுக்குத் தூண்டில் போடுவது என்றால் உயிர். வேம்பார் கடற்கரையில் இருக்கும் தோழி ஜெபா போனில் சொல்லியிருந்தார்: "அலைக்குள்ள நின்னு தூண்டிலை வீசணும், தேவி. உயிரோட விலாங்கு கொண்டு வா. பெரிய கொடுவா மீனு அதுக்குத்தான் வரும்."

அதற்காகத்தான் நேற்று சாயங்காலம் அம்மாவும் மகளும் வாய்க்காலில் இறங்கி, சேறும் சகதியுமாக இந்த ஆறையும் பிடித்தார்கள்.

சின்னமனூர் தாண்டியது. வாளிக்குள் கேட்டுக்கொண்டிருந்த 'சளக் சளக்' சத்தம் நின்றுபோனது.

ஹேமா மூடியைத் திறந்தாள். சோப்புத் தண்ணீர்போல வெள்ளை நுரை ததும்பியது. நுரைக்கு மேலே சின்னச் சின்ன மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. வாய்கள் திறந்து திறந்து மூடின. ஒரு விலாங்கு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"அம்மா! இங்கன பாரு!"

அம்மா நுரையை வழித்துவிட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நுரை வந்தது.

"வேம்பார் வரைக்கும் தாங்காது போல," என்றாள் அம்மா. "போகட்டும். சும்மா கடலைப் பாத்துட்டு வருவோம்."

அம்மா சிரித்தாள். ஆனால் அது அம்மாவின் வழக்கமான சிரிப்பு இல்லை.

ஹேமா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போன மாசம் வாய்க்கால்ல தண்ணிய நிறுத்துனாகள்ல? அன்னிக்கு நான் ஒரு கல்லைப் புரட்டுனேன். அடியில ஈரப் பாசியில ஒரு விலாங்கு சுருண்டு கிடந்துச்சு. சுத்தித் தண்ணியே இல்ல. ஆனா தொட்டதும் விசுக்குன்னு ஓடிருச்சு."

"அதுக்கு?"

"இதுகளுக்குத் தண்ணி வேணாம்மா. ஈரமும் குளிரும் போதும். ஆறும் ஒரே வாளித் தண்ணியில கிடக்குறதுனாலதான் மூச்சு முட்டுது."

"தண்ணியக் கொட்டுனப்புறம் செத்துப்போச்சுன்னா?"

"கொட்டாம விட்டாலும் செத்துரும்லம்மா?"

அம்மா வாளிக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். "சரி. தேனி வரட்டும்," என்றாள்.

தேனி பேருந்து நிலையத்தில் கண்டக்டர் சுரேஷ்கண்ணன் விசிலை வாயில் வைத்தபடியே சொன்னார்: "பத்து நிமிசம். டீ குடிக்கிறவுக குடிச்சுக்கங்க!"

ஹேமா இறங்கி ஓடினாள். பூக்கடையில் ஓர் அக்கா ஈரச் சாக்கில் மல்லிகையை வைத்திருந்தார்.

"அக்கா, எனக்கும் சாக்கு தருவீகளா? ஈரமா ஒண்ணு, காஞ்சது ஒண்ணு."

"எதுக்குத்தா?"

"எங்க மீனுக்கு மூச்சு முட்டுது."

பூக்கார அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு சாக்குத் துண்டுகளும், கூடவே நாலு வாழைமட்டைத் துண்டுகளும் கொடுத்தார். ஜூஸ் கடையில் ஒரு பை நிறைய ஐஸ் கிடைத்தது.

அதற்குள் அம்மா வாளித் தண்ணீரை வடித்துவிட்டு, மூடியில் கத்தியால் ஓட்டைகள் போட்டிருந்தாள். ஹேமா பின் இருக்கையில் ஈரச் சாக்கை விரித்தாள். அம்மா கைப்பையிலிருந்து ஊசி போடும்போது மாட்டும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு விலாங்கைப் பிடித்துத் தூக்கினாள்.

வழுவழு கையுறை, வழுவழு மீன். நழுவி விழுந்த விலாங்கு வளைந்து வளைந்து இருக்கைகளுக்கு அடியில் ஓடியது.

"பாம்பு!" என்று கத்திய சுரேஷ்கண்ணன் இருக்கைமேல் ஏறி நின்றார். அவர் வாயிலிருந்த விசில் பயத்தில் தானாக ஊதியது. புறப்படச் சொல்கிறார் என்று நினைத்த டிரைவர் வண்டியைக் கிளப்பினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு ஓடிவந்தார்கள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

ஹேமா மண்டியிட்டுத் தவழ்ந்தாள். காய்ந்த சாக்கை விலாங்கின் முன்னால் விரித்து, மெதுவாகச் சுருட்டி எடுத்தாள். சொரசொரப்பான சாக்கில் அது வழுக்கவே இல்லை. நசுங்காமல், குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்தாள்.

"பாம்பு இல்லைல்ல?" என்றார் சுரேஷ்கண்ணன், மேலே நின்றபடியே.

"விலாங்குண்ணே."

"அதானே பாத்தேன்!" அவர் இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "டிக்கெட் வாங்காம உள்ள ஓடுச்சு. அதான் மேல ஏறிப் பாத்தேன்."

பேருந்து முழுக்கச் சிரித்தது.

மற்ற ஐந்தையும் ஹேமா காய்ந்த சாக்காலேயே எடுத்தாள். வாளியின் அடியில் ஐஸ், அதன்மேல் வாழைமட்டை, அதற்கு மேலே ஈரச் சாக்குக்குள் விலாங்குகள். ஐஸ் உருகினாலும் தண்ணீர் அடியில் தங்கிவிடும்.

ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று குளிர்ந்து வீசியது. வாளியைத் தொட்டுக்கொண்டே ஹேமா தூங்கிப்போனாள். கனவில் சாலை ஓர் ஆறாக இருந்தது. மலைகள் இரண்டு பக்கமும் மெல்ல நீந்தி வந்தன. நீளமான சாம்பல் நிற ரிப்பன்கள்போல விலாங்குகள் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தன. யாருக்கும் அவசரமில்லை.

மதுரையில் பேருந்து மாறினார்கள். புது ஐஸ் வாங்கிப் போட்டார்கள். மத்தியானம் வேம்பாரில் இறங்கியபோது, பனைமரங்களுக்குப் பின்னால் ஏதோ ஒன்று 'ஹோ'வென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கடல்!

ஹேமா மணலில் ஓடிப்போய் நின்றாள். வானத்தின் ஓரம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

கரையில் காத்திருந்த ஜெபா அத்தை சாக்கை விலக்கிப் பார்த்தார். ஆறு விலாங்குகளும் நெளிந்தன. "அட, எல்லாம் உசுரோட இருக்கே! இம்புட்டுத் தூரம் எப்படிக் கொண்டாந்தே, தேவி?"

"நான் எங்க கொண்டாந்தேன்? இவதான் கொண்டாந்தா," என்றாள் அம்மா.

தூண்டில் முள்ளில் விலாங்கை மாட்டும்போது ஹேமா அலைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வலிக்குமாம்மா?"

"வலிக்கும்தான்," என்றாள் அம்மா. "அதனால வேணுங்கிறத மட்டும்தான் போடுவோம்."

அம்மா இடுப்பளவு நுரையில் நின்று தூண்டிலை வீசினாள். முதல் விலாங்கை ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதை வீசி வெகுநேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று கம்பு வில்லாக வளைந்தது.

"ஹேமா! ஓடியா! பிடி!"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ஓர் அலை வந்து இருவரையும் உட்காரவைத்தது. ஆனாலும் கம்பை விடவில்லை. அடுத்த அலை, வெள்ளி நிறத்தில் துள்ளும் பெரிய கொடுவாவைக் கரையில் கொண்டுவந்து போட்டது.

"ராத்திரிக் குழம்புக்கு இது போதும்," என்றார் ஜெபா அத்தை.

"அப்ப இந்த நாலு?" என்று வாளியைக் காட்டினாள் ஹேமா.

"அதுகளுக்கு ஆறும் ஒத்துக்கும், கடலும் ஒத்துக்கும்," என்றார் அத்தை. " அங்கன ஆறு வந்து கடல்ல சேருது, பாத்தியா?"

ஹேமா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அம்மாவும் கூடவே வந்தாள். முழங்கால் தண்ணீரில் சாக்கை விரித்ததும், நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிச் சென்றன. மூன்று ஆற்றுப் பக்கம் திரும்பின. ஒன்று மட்டும் கடல் பக்கம் போனது.

அம்மா ஈரச் சேலையோடு மணலில் மல்லாந்து படுத்தாள். ஹேமாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அலை வந்து பாதங்களைத் தொட்டுவிட்டுப் போனது. திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பேருந்து என்று இருவருமே கேட்கவில்லை.