கறுப்புக்குள் யார்?

மருந்துக்கடைக்காரர் தன் கடையின் பக்கச் சந்தில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார்.

லாக்கப்பில் அவருடைய மருமகன்.

மருமகனின் அக்கா ஒரு போட்டோகிராபர். இன்ஸ்பெக்டரின் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தம்பி பிழைப்பதும் தொலைவதும் அந்த ஒரு படத்தில்தான்!

“கொலை நடந்தப்ப எதிர் பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்திருந்தேன்னு சாதிக்கிறான்” என்றார் இன்ஸ்பெக்டர். “அதே நேரம் உங்க மொட்டை மாடியிலேர்ந்து அந்தத் தெருவை எடுத்திருக்கீங்க. ஆனா படத்துல ஈ காக்கா இல்லையேம்மா.”

“பொழுது சாஞ்சிடுச்சு சார். ஷட்டரை அரை நிமிஷம் திறந்து வெச்சேன். நடந்து போறவங்க பதிய மாட்டாங்க. அசையாம இருந்தாத்தான் படத்துல விழுவாங்க.”

“உக்காந்திருந்தவன் விழணுமே?”

“விழுந்திருப்பான். கடை போர்டு பளீர்னு எரிஞ்சுது. அது வெளுத்துடக் கூடாதேன்னு வெளிச்சத்தைக் குறைச்சே எடுத்தேன். அதான் மத்த இடமெல்லாம் இருட்டு. கறுப்பா இருக்குன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் இல்ல சார். கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தை ஏத்தினா வரும்.”

“ஏத்துங்க.”

ஏற்றினாள்.

கறுப்பு மெல்லச் சாம்பலானது. பஸ் ஸ்டாப் தெரிந்தது. பெஞ்ச் தெரிந்தது.

பெஞ்சில்...

யாருமே இல்லை.

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“இன்னும் ஏத்துங்க.”

“வேணாம் சார். இதுக்கு மேல புள்ளி புள்ளியாத்தான் வரும்.”

“வரட்டுமே.” மவுஸை அவரே பிடுங்கிக்கொண்டார்.

கடையின் பக்கச் சந்து வெளுத்தது. சுவரோடு சுவராக ஓர் உருவம். கையில் இரும்புக் கம்பி. மாமனாருக்காகக் காத்து நின்றவன் அரை நிமிடமும் அசையவே இல்லை. புள்ளிகளுக்கு நடுவிலும் முகம் தெளிவு!

அவள் தம்பி.

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீங்க கொண்டு வரலேன்னா எங்களுக்கு சாட்சியே கிடையாதும்மா.”

தன் கையாலேயே அவனுக்குக் குழி வெட்டிவிட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. கம்பிக் கதவை நோக்கி ஓடினாள்.

“ஏண்டா எங்கிட்ட பொய் சொன்ன? உன்னை நம்பித்தானேடா இதைத் தூக்கிட்டு வந்தேன்...”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். தப்ப வழியில்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“குடும்பத்துல எந்த போட்டோ எடுத்தாலும், ‘ஆடாம நில்லுடா’ன்னு உயிரை எடுப்பியேக்கா...” என்று வறட்சியாகச் சிரித்தான். “வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் நின்னேன்.”