கழற்றி வைத்த காதுக்கருவி

எண்பத்தாறு, ஆடி மாசம். மகளைக் கூட்டிக்கொண்டு விளாங்குடியிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். காது பரிசோதனை அறை கடைசிக் கட்டிடத்தில். உச்சிப்பகலிலும் உள்ளே மங்கல். சுவரெல்லாம் தடித்த துணி. என் மூச்சே எனக்குச் சாக்குக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில் களிம்பேறிய செம்பின் வாடை.

என் சந்தேகம் முழுக்க என் வீட்டுக்காரி மாயக்காள் மேல்தான்.

மூத்தவன் காளை போன வருசம் கை நடுங்கி, நாக்குக் குழறிச் செத்தான். அவன் படுத்த இடத்தில் மாயக்காள் ராத்திரி செம்புச் சொம்பில் தண்ணீர் வைப்பாள். விடிந்ததும் அதை அவன் தங்கச்சி முத்துத்தாய்க்குக் குடிக்கக் கொடுப்பாள். அண்ணன் காவல் இருப்பானாம். இப்போது மகளுக்கும் அதே நடுக்கம், அதே குழறல்.

“ரெண்டு பேருக்கும் பிறவி நோவு. உடம்புல செம்பு தங்கிப்போகுது. மாத்திரை சாப்பிட்டா இவ பிழைப்பா. செம்புப் பாத்திரம் கூடாது” என்று போன தடவை வந்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார்.

சொம்பை வைகையில் எறிந்தேன். ஆனாலும் விடிகாலையில் மகள் வாயில் அந்த வாடை.

“இன்னும் குடுக்குறியாடி?”

“ஆத்தா மேல சத்தியம், இல்லய்யா.”

நான் நம்பவில்லை.

மிஷினைப் பார்க்கும் ஆனிமேரி மகளின் தலையில் ஒயர்களை ஒட்டி, சத்தம் விடும் காதுக்கருவியை மாட்டினாள். டக், டக், டக்.

“மூட்டை தூக்குற ஆளு, ஒயரைக் கண்டு இம்புட்டுப் பயமாண்ணே? செம்பு மூளையக் கெடுத்திருக்கான்னு, சத்தம் காதுல இருந்து மூளைக்குப் போற வழியப் பாக்குறோம். கேக்குற ஆள் இருந்தாத்தான் திரையில மேடு எழும்பும்.”

மகளுக்கு மேடு தாமதமாக எழும்பியது. ஆனாலும் எழும்பியது.

எல்லாவற்றையும் கழற்றியதும் மாயக்காள் அவளை வெளியே கூட்டிப்போனாள். காதுக்கருவியும் ஒயர்களும் தலையணைமேல் கிடந்தன. சுவிட்சை அணைக்கப் போன ஆனிமேரியின் கை அப்படியே நின்றது.

திரையில் மேடுகள்.

“அண்ணே…” கிசுகிசுத்தாள். “யாரு கேக்குறா?”

வெறும் தலையணையில் பள்ளம் விழுந்திருந்தது.

அது மெல்ல ஆழமானது.

மாயக்காள் பொய் சொல்லவில்லை.

காதுக்கருவியை எடுத்து வாயருகே பிடித்தேன். அதில் பேசினால் அவனுக்குப் போய்ச்சேரும் என்றுதான் நினைத்தேன்.

“காளை, தங்கச்சி பிழைக்கணும்யா. போயிரு.”

மேடுகள் படுத்துவிட்டன. கோடு மட்டும் ஓடியது. ஆனிமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளியே ஓடினேன். பெஞ்சில் முத்துத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“பாருய்யா, கை நடுக்கம் நின்னுபோச்சு!” மாயக்காள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மகள் என்னைப் பார்த்தாள். மாசக்கணக்கில் குழறிய வாய், ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டது:

“எங்கிட்டுப்பா போகச் சொல்ற?”