வாய் வெட்டிய காசு

லத்தா கடைத்தெருவில் நல்லையாவின் நகைப் பட்டறைக்குப் போய் மரியாதையோடு திரும்பியவர்கள் கிடையாது. நகை பெரிதாக இருந்தால் "கவரிங்கா?" என்பார். சிறிதாக இருந்தால் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்பார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகேறி வந்த கமருன்னிசாவையும் அப்படித்தான் வரவேற்றார்.

அவள் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு பொற்காசை வைத்தாள். முப்பாட்டி தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்குக் கப்பலேறியபோது கழுத்தில் கிடந்த காசு. அதில் ரோமாபுரி ராஜா ஒருவனின் தலை. காதிலிருந்து வாய்வரை ஆழமாக ஓர் உளிவெட்டு. மேலே கோக்கும் வளையம் கழன்றிருந்தது.

"வளையத்த மட்டும் பத்த வச்சுக் குடுங்கண்ணே. மூஞ்சியத் தொட்டுறாதீங்க. அவன் வாய அடைக்கத்தான் வெட்டுனாங்களாம்."

"செத்து ரெண்டாயிரம் வருஷமாச்சு. இன்னுமா பேசுவான்? போம்மா, சாயங்காலம் வா."

அந்நிய ராஜாவின் காசு தமிழ்நாட்டில் செல்லாது என்று காட்ட அந்தக் காலத்தில் முகத்தை வெட்டுவார்கள். அது நல்லையாவுக்குத் தெரியும். வெட்டில்லாத காசென்றால் வெளிநாட்டுக்காரன் கொட்டிக் கொடுப்பான் என்பதும் தெரியும். இவளுக்கு அதே வெட்டோடு ஒரு போலியை வார்த்துக் கொடுத்தால் போயிற்று. டாலாக்காரிக்கு என்ன தெரியப்போகிறது?

வெட்டில் பொன்னை நிரப்பி ஊதுகுழலைப் பிடித்தார். பொன் பற்றத் தூவிய வெங்காரம் பொங்கி அடங்கியது. ராஜாவின் வாய் முழுசானது.

கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் அடுத்த நொடியே தெருவெல்லாம் ஜெனரேட்டர் அலறும். அன்று ஒன்றுகூடக் கிளம்பவில்லை. சன்னல் இல்லாத பட்டறையில் வெங்காரப் புகையை மீறிப் பச்சை ரத்த வாடை மெல்லப் பரவியது.

யாரோ மூச்சுவிட்டார்கள்.

"யாருய்யா அது?"

தண்ணீரில் போட்டு ஆற்றிய காசு உள்ளங்கையில் சுட்டது. ஒட்டிக்கிடந்த உதடுகள் பிரிவதுபோல ஈரமாய் ஒரு சத்தம். பிறகு நல்லையாவின் குரலிலேயே, அவருடைய இளக்காரம் கொஞ்சமும் குறையாமல், காதோரம் கேட்டது.

"இதுக்கா இவ்வளவு தூரம்?"

சாயங்காலம் கமருன்னிசா வந்தபோது விளக்கு எரிந்தது. நல்லையா சுவரோடு ஒண்டிக்கொண்டிருந்தார். அவர் காதிலிருந்து வாய்வரை ஆழமாக ஒரு வெட்டு. ஒரு சொட்டு ரத்தமில்லை.

"அண்ணே, மூஞ்சியத் தொட்டீங்களா?"

நல்லையா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மேசைமேல் கிடந்த காசு அவர் குரலில் சிரித்தது.

"இன்னுமா பேசுவான்?"