பாண் ஓட்டோவில் வந்த உயிர்த்த ஞாயிறு

கிருசிகா வாயைத் திறந்தால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். அவ்வளவு பெரிய குரல்.

"மெல்லப் பாடு மகள். உன்ர சத்தத்தில மத்தவங்கட பாட்டுக் கேக்குதில்ல" என்று சொல்லி, ஜெசிந்தா டீச்சர் அவளைப் பாடகர் குழுவின் கடைசி வரிசைக்கு அனுப்பியிருந்தார்.

அதனால் என்ன? தவக்காலம் முழுவதும் கோயிலில் யாரும் 'அல்லேலூயா' பாடுவதில்லை. உயிர்த்த ஞாயிறு பூசையில்தான் அந்தச் சொல் திரும்பி வரும். கடைசி வரிசையில் நின்றாவது அதைப் பாட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள்.

ஆனால் சனிக்கிழமை மாலை கடலிலிருந்து காற்றும் மழையும் சீறி வந்தன. இராப்பூசை நடக்கவில்லை. கோயில் வாசலில் நின்ற வேம்பு முறிந்து விழுந்தது. மணி தூணோடு சரிந்து சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கிருசிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் கோயிலுக்குப் போனாள். அங்கே பாதர் நின்றார். ஜெசிந்தா டீச்சர் நின்றார். நனைந்த பூனை ஒன்று வாங்குப் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தது. வேறு யாருமே இல்லை.

"மணி அடிக்க வழியில்ல. கரண்டும் இல்ல, போனும் வேலை செய்யுதில்ல. பூசை இல்லையெண்டு எல்லாரும் வீட்டில இருக்காங்க" என்றார் பாதர். "ஒருத்தரும் வராட்டி, நாம மட்டும் மெல்லச் செபிச்சிட்டுப் போவம்."

மெல்லவா? கிருசிகா இத்தனை நாள் காத்திருந்த அல்லேலூயாவையா?

அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மக்கீன் காக்காவின் பாண் ஓட்டோ வந்தது. நாள்தோறும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, தெருத்தெருவாகப் பாண் ரொட்டி விற்கும் வண்டி இன்று பேச்சுமூச்சில்லாமல் வந்தது.

"காக்கா, பாட்டு எங்க?"

"அத ஏன்கா புள்ள கேக்காய்! ஸ்பீக்கருக்குள்ள மழைத்தண்ணி போயிட்டு. பாட்டுக் கேக்காம ஒரு கதவும் திறக்குதில்ல. சுட்ட பாணெல்லாம் அப்பிடியே கிடக்கு."

கிருசிகா சேற்றில் கிடந்த மணியைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். இரண்டும் ஊமையாகிவிட்டன. ஆனால் தனக்கு வாய் இருக்கிறதே!

"காக்கா, நான் கத்தட்டா? பாணுக்கும் கத்துறன், பூசைக்கும் கத்துறன்."

மக்கீன் காக்கா சிரித்துவிட்டார். "நீ கத்தினா அக்கரைப்பற்றுக்கும் கேக்குமே! அம்மாட்டக் கேட்டுட்டு ஏறு."

அம்மாவும் கூடவே ஏறினார். பாண் பெட்டியோரம் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். ஓட்டோ புறப்பட்டது.

"பாண்! சுடச்சுடப் பாண்! கோயில்ல பூசை இருக்கு! மணிதான் விழுந்திட்டு, பாதர் நிக்கார்! எல்லாரும் வாங்க!"

படார் படாரென்று ஜன்னல்கள் திறந்தன. பல் தீட்டிக்கொண்டிருந்த கந்தப்போடி மாமா வாசலுக்கு ஓடிவந்தார்.

"மணி விழுந்தா என்ன, அதவிடப் பெரிய மணி ஓட்டோவில வருது! மகள், எனக்குப் பாண் மட்டும் போதும். பக்கத்து வீட்டாக்கள் கோயிலுக்குப் போறவங்க, நான் எழுப்பி விடுறன்" என்று அவர்களுடைய கேற்றைத் தட்டினார்.

மூன்றாவது தெருவில் கிருசிகாவுக்கு இருமல் வந்தது. உடனே மக்கீன் காக்கா தலையை வெளியே நீட்டித் தானே கத்தினார்.

"சுடச்சுடப் பூசை! சுடச்சுடப் பூசை!"

தெருவே சிரித்தது. அம்மா சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஆடியது.

அவர்கள் திரும்பி வந்தபோது கோயில் நிறைந்திருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்தபடியும், பிள்ளைகளைத் தோளில் ஏற்றியபடியும் இன்னும் பலர் வந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கையில் பாண் பை. கோயில் முழுக்கப் புதுப்பாண் மணத்தது. காற்று தூக்கிக்கொண்டுபோன ஓடுகளின் இடைவெளியால் வெயில் உள்ளே விழுந்தது.

கிருசிகா கடைசி வரிசைக்குப் போனாள்.

"அங்க எங்க போறாய்?" என்றார் ஜெசிந்தா டீச்சர். "முன்னுக்கு வா. மைக்கும் இல்ல, ஓகன் இசையும் இல்ல. நீதான் தொடங்கோணும்."

"மெல்லவா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். "இல்ல மகள். உன்ர பலமெல்லாம் சேர்த்துப் பாடு!"

கிருசிகா மூச்சை நன்றாக இழுத்தாள்.

"அல்லேலூயா!"

பூனை வாங்கிலிருந்து குதித்து ஓடியது. அடுத்த நொடி கோயிலே சேர்ந்து பாடியது.

வெளியே, வெறுமையான பாண் பெட்டியை மூடிக்கொண்டிருந்த மக்கீன் காக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"இனி ஸ்பீக்கர் திருத்த அவசரமில்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.