குருதிவளை பச்சையான நாள்

காலை பத்தரைக்கு மோகனாவின் குருதிவளை பச்சையானது. தெருவே கைதட்டியது.

கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த வளை ஒருநாள்கூடச் சிவப்பிலிருந்து மாறியதில்லை. தோல் வழியாகவே ரத்தத்தைப் படித்து ஹீமோகுளோபின் அளவை ஒரே ஓர் எண்ணாகக் காட்டும். பன்னிரண்டுக்கு மேல் பச்சை, கீழே சிவப்பு. திருப்பூரில் இப்போது எல்லார் கையிலும் உண்டு. சிவப்பு வளைக்காரர்களைத் தையல் மெஷினில் உட்காரவிட மாட்டார்கள். மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் மோகனா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் மேசையோடு சரி. முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சை, எதற்கும் அவள் எண் ஒன்பதைத் தாண்டவில்லை. நாலு நாள் டெங்குவில் கிடந்து எழுந்தால், தாண்டியிருக்கிறது!

"பன்னெண்டு புள்ளி நாலு! பாத்தீங்களா?" என்றாள், தெம்பில்லாத குரலில்.

"காச்சலும் உட்டுருச்சு, ரத்தமும் ஏறிருச்சு. சாதிச்சுட்ட அம்மிணி!" என்றான் அவள் புருஷன் தினகரன்.

எதிர்வீட்டுச் சரசக்காவும் அதே காய்ச்சலில் கிடப்பவள்தான். சன்னல் வழியாகக் கத்தினாள். "நான் குடுத்த மாதுளைச் சாறுடி அது! வேற யாரு பேரையும் சொல்லீராத!"

மோகனா சிரிக்கப் பார்த்தாள். வாந்திதான் வந்தது.

"வயிறு வலிக்குதுங்க. ராத்திரியிலிருந்து ஒண்ணுக்குக்கூடப் போகலை."

"நாலு நாளாச் சரியாத் திங்கலையே, அதுதான்."

மதியம் பதினான்கு. மூன்று மணிக்குப் பதினைந்தரை. எண் ஏற ஏற அவள் கை சில்லிட்டது. கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: திங்கட்கிழமை முதல் மெஷின் எண் இருபத்திரண்டு. ஆறு வருஷக் கனவு. தினகரன் சத்தமாகப் படித்துக் காட்டினான். அவள் அவனை யாரோ போலப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. ஆம்புலன்ஸை அழைத்தான்.

"வாழ்த்துகள்!" என்றது இயந்திரக் குரல். "உங்கள் தெருவிலேயே சிறந்த ரத்தம் இவருக்குத்தான். வண்டிகள் சிவப்பு வளைக்கு மட்டுமே."

"ஆளு துவண்டு கெடக்கறா, பச்சையாம் பச்சை!"

அவளைத் துண்டால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு பைக்கை முறுக்கினான். ஆஸ்பத்திரியிலும் பச்சைக்குக் கடைசி வரிசை. அவ்வழியே போன நர்ஸ் ஒருத்தி நின்று மோகனாவின் கையைத் தொட்டாள். வளையைப் பார்க்கவே இல்லை, நாடியைத் தேடினாள்.

"காச்சல் எப்ப விட்டுச்சு?"

"காலைலதானுங்க. ரத்தம் நல்லா ஏறிருக்கு சிஸ்டர், பதினாறு..."

"ஏறலைங்க! குழம்பு சுண்டுனா உப்புக் கூடுன மாதிரி இருக்குமில்ல? உப்பு அதேதான், தண்ணி போயிருச்சு." ஊசியோடு நரம்பைத் தேடிக்கொண்டே பேசினாள். "இந்தக் காச்சல் முத்துனா ரத்தக்குழாய் கசியும். உள்ள இருக்கற தண்ணி வயித்துலயும் நெஞ்சுலயும் போய் நின்னுக்கும். மிச்ச ரத்தம் கெட்டியாகி இந்த நம்பரைக் காட்டுது. காச்சல் விடற நாள்தாங்க ஆபத்தே. காலைலயே வந்திருந்தா..."

நரம்பு கிடைக்கத் தாமதமானது. சொட்டுநீர் ஏறத் தொடங்கியும் பலனில்லை. ஐந்தே முக்காலுக்கு மோகனா இறந்தாள். வளை கடைசியாகப் படித்த எண் பதினேழு. அவள் கையில் இதுவரை எரியாத கரும்பச்சை.

மாற்றுச்சேலை எடுத்துப்போக அவன் தெருவுக்கு வந்தபோது பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

"தினா கண்ணு!" சரசக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். கையில் லட்டு. "செவப்பே இல்லாத தெருவாயிருச்சு நம்முளுது! எனக்கும் காச்சல் போயி மத்தியானமே பச்சை. ரண்டு நாள்ல பாரு, நானும் மெஷின்ல உக்காந்துருவேன். மோகனா எங்க? அவளுக்குத்தான் மொத லட்டு."

தினகரன் லட்டை வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஐஸாக இருந்தது.

பிடித்த மணிக்கட்டை விடாமலே ஆம்புலன்ஸை அழைத்தான்.

"வாழ்த்துகள்!" என்றது குரல்.