இறங்கிய இடம்

விளையாட்டின் தோற்றத்தை மாற்றும் மொட் கோப்புகளைக் கணினியில் பதித்து முடித்ததுமே ஒரு வாடை வந்தது. நாலைந்து நாள் மாற்றாத புண்கட்டை அவிழ்த்தால் வருமே, அந்த வாடை. ஜூலியஸ் மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். எலி எதுவும் செத்துக் கிடக்கவில்லை.

இலங்கையில், றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலையின் மின்சார வேலைகளைப் பார்ப்பவன் அவன். ஆபீஸில் கழித்துப்போட்ட கணினியைத் தானே பழுதுபார்த்து தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் தன் ஒற்றைக் காம்பரா அறையில் வைத்திருந்தான். ஞாயிறு மத்தியானமானால் விண்கலம் ஓட்டும் விளையாட்டுதான். அதில் கிரகங்கள் பெயின்ட் அடித்த பந்துகளாகத் தெரிவது அவனுக்கு வெகுநாள் குறை. தரையை நிஜம்போலக் காட்டும் மொட் என்று இணையத்தில் யாரோ பெயர் போடாமல் வைத்து, ஏற்கெனவே பலர் இறக்கிக்கொண்டதை அவனும் இரண்டு நாளாக இறக்கியிருந்தான்.

தகரக்கூரையில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போய் நனைந்து வந்த அவன் மனைவி சரோன், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளிர் பழுப்பாக ஒரு கிரகம் திரையில் எழுந்தது. கலத்தை அவன் மெல்ல இறக்க இறக்க, மேட்டிலும் பள்ளத்திலும் வலைபோல மெல்லிய கோடுகள் ஓடின. கோடுகளுக்கு நடுவே நுண்ணிய குழிகள், குழிக்கொரு மயிர், மயிரின் அடியில் மஞ்சளாய் எண்ணெய்ப் பிசுபிசுப்பு, காற்றில் உரிந்து பறக்கும் வெள்ளைச் செதில்கள். குழிகளிலிருந்து நீர் கசிந்து முத்து முத்தாகத் திரண்டது. அந்தத் துல்லியம் அவன் கையை விடவில்லை. ஒரு கருங்குன்றின் பக்கத்தில் கலத்தின் மூன்று கால்களையும் ஊன்றினான்.

கால்கள் புதைந்தன. சுற்றிலும் தரை சிவந்து வீங்கியது.

“என்னங்க,” சரோன் தூக்கக் கலக்கத்தில் கூப்பிட்டாள். “முதுகுல என்னமோ கடிக்குது.”

“அட்டையா இருக்கும். மழையில நனைஞ்சி வந்தியே.”

“வந்து பாருங்களேன். எரியுது.”

எழுந்து போய்ச் சட்டையை விலக்கினான். அட்டை இல்லை. மச்சத்தை ஒட்டி ஊசிமுனை அளவில் மூன்று சிவப்புப் புள்ளிகள், முக்கோணமாக. ஒன்றை நகத்தால் அழுத்தினான். சீழ் துளிர்த்தது. அதே வாடை.

கணினித் திரைக்கு ஓடி வந்தான். கருங்குன்றின் உச்சியில் ஒற்றை மயிர் வளைந்து நின்றது. மச்சத்தில் இருந்ததும் அதேதான். அடிவாரத்தில், கலத்தைவிடப் பெரிய நகத்தின் தடம் பிறைபோலப் பதிந்திருந்தது.

கலத்தைக் கிளப்பும் பொத்தானில் விரலை வைத்தான். கிளம்பினால் அடியில் நெருப்பு பீறிடும். விரலை எடுத்தான்.

கலம் தானாகவே அமிழ்ந்தது. கண்ணாடிக்கு வெளியே தோல் ஏறியது. பிறகு கொழுப்பு. பிறகு செக்கச்சிவப்பாய் ஈரம்.

பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது. வாடை போகவில்லை.

“இப்ப கடிக்கல்ல,” உள்ளிருந்து அவள் குரல். “உள்ளுக்குள்ள என்னமோ ஊருது.”

மறுபடி போய்ச் சட்டையை விலக்கியபோது புள்ளிகள் மூடிக்கொண்டிருந்தன. தோளெலும்புக்குக் கீழே நெல்மணி அளவில் ஒரு புடைப்பு. அது நகர்ந்தது. ஒரு காலைத் தூக்கி, ஊன்றி. அடுத்த காலைத் தூக்கி, ஊன்றி. பிடரியை நோக்கி.

இரண்டு விரலால் அதைப் பிடித்தான். விரல்களுக்கு நடுவே இயந்திரம்போல ரீங்கரித்தது. சட்டென்று விட்டுவிட்டான்.

“எடுத்துட்டீங்களா?”

அவன் இன்னும் நெருங்கிக் குனிந்து பார்த்தான்.

தோலுக்கடியில் மஞ்சளாய் ஒரு வெளிச்சம் எரிந்தது.

பிறகு இடுப்பில் ஒன்று. விலாவில் ஒன்று. கழுத்தில் இரண்டு. முதுகெங்கும், அந்தி சாய்ந்ததும் எதிர்மலை லயங்களில் விளக்கேற்றுகிற மாதிரி, ஒவ்வொன்றாக.