குழாய்க்குள் சேர்ந்த பஞ்சு

துணி காய வைக்கும் மெஷின் இரண்டாவது தடவை ஓடி நின்ற பிறகும் துண்டு ஈரமாகவே இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைப் போலச் சூடும் ஈரமுமாக. டிரையருக்குப் பின்னால், காற்று வெளியே போவதற்காகச் சுவருக்குள் பதித்திருந்த குழாயில், ஏதோ ஒன்று இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

தீயணைப்பு வீரருக்குக் காரணம் தெரியும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு குழாயில் அடைத்தால் துணி காயாது. அடைத்த பஞ்சில் சூடு ஏறினால் பற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அவர் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். சொந்த வீட்டுக் குழாயில் மட்டும் இரண்டு வருடமாகக் கை வைக்கவில்லை.

போன் அடித்தது. மனைவி, ஆபீசிலிருந்து.

"பைப்பைச் சுத்தம் பண்ணிட்டீங்கல்ல? அதை நம்பித்தான் மெஷினைப் போட்டுட்டு வந்தேன்."

"ஆச்சு, ஆச்சு."

எட்டு மாதமாக இதே ஆச்சுதான். சொன்னதும் காது மடல் சுட்டது.

போன மாதம் அடுத்த தெருவில் இப்படித்தான் ஒரு வீடு எரிந்தது. உள்ளே இறந்து கிடந்த குழந்தையைப் போர்வையில் சுற்றி வெளியே தூக்கி வந்தவர் அவர்தான். வாசலில் நின்ற தாயிடம், நாலு பேர் கேட்க, "ஒரு கைப்பிடி பஞ்சும்மா. எடுத்துப் போட்டிருந்தா பிள்ளை இருந்திருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னார். அவள் அழவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று போட்டிருந்த சீருடையை இந்த டிரையரில்தான் காய வைத்தார்.

நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. பிளக்கைக் கழற்றித் தரையில் போட்டார். மெஷினை முன்னால் இழுத்துப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, மண்டியிட்டுக் குழாய்க்குள் கையை விட்டார். சாம்பல் நிறப் பஞ்சு மெத்தென்று வந்தது. அடுத்த பிடியில், மகளின் கவுனிலிருந்து உதிர்ந்த மஞ்சள் இழைகள். அதற்கும் அப்பாலிருந்து கருகல் வாசம். தோள் வரைக்கும் நுழைத்தார். உள்ளே பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.

ஐந்து விரல். சின்ன விரல்.

பிடித்துக்கொண்டன.

இழுத்தார். கை வரவில்லை. பிளக் தரையில்தான் கிடந்தது. ஆனாலும் மெஷினுக்குள் டிரம் சுற்றத் தொடங்கியது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மதியத் தூக்கம் கலைந்த மகளின் குரல்.

"அப்பா, புகை வாசம் அடிக்குது. நீங்க சொல்லித் தந்த மாதிரி வெளிய ஓடட்டுமா?"

ஓடு என்று சொல்ல வாயெடுத்தார். ஓடினால் தெரு கூடும். அவள் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அத்தனை பேரும் வந்து அவருடைய கையைப் பார்ப்பார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. அப்பா சுத்தம் பண்ணியாச்சு. போய்த் தூங்கு."

அப்பா சொன்னால் அவளுக்குச் சரிதான். கதவு சாத்திக்கொண்டது.

அவளைத் திரும்பக் கூப்பிடப் பார்த்தார். தொண்டை நிறையப் பஞ்சு.

மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் சுற்றியது. அதன் நடுவே, சுற்றாமல், சாம்பல் நிறத்தில் ஒரு குழந்தை முகம். அது அவரைப் பார்க்கவில்லை. மகள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.